முத்துப்பழனியின் பாட்டி பெயர்

1910இல் சென்னையில் வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்த்ருலு அண்ட் சன்ஸ் என்ற புகழ்பெற்ற தெலுங்குப் பதிப்பகம் ஒரு காவியத்தை வெளியிட்டது. பெயர் ‘ராதிகா சாந்த்வனமு’. எழுதியவர் முத்துப்பழனி. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த கணிகை. பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவரும் அந்த மரபில் பிறந்தவர். அடுத்த ஆண்டே அந்தப் புத்தகம் ஆபாசம் என்று ஆங்கில அரசின் கைக்குப் போனது. அரசு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ‘ஆட்சேபத்துக்குரிய’ பாடல்களைத் தேடித் தேடி ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தார். பண்டிதர்கள் சேர்ந்து மனுக் கொடுத்தும் பலனில்லை, தடை வந்தது. அந்த மொழிபெயர்ப்பாளரைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அக்காவியத்தை அவ்வளவு கவனமாக வரிவரியாக வாசித்தவர்கள் அன்று வேறு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இந்தத் தடையின் கதை பெண்ணிய வாசகர்களுக்குப் புதிதல்ல. சூசி தாருவும் கே. லலிதாவும் 1991இல் தொகுத்த இந்தியப் பெண் எழுத்துத் தொகுதிக்குப் பிறகு அது பல வகுப்பறைகளில் சொல்லப்பட்டுவிட்டது. நான் இங்கே எழுத நினைப்பது தடையைப் பற்றி அல்ல. அதற்கு முன்னால் நடந்த ஒரு சின்ன வெட்டைப் பற்றி.

நாகரத்தினம்மாளுக்கு முதலில் கிடைத்தது 1887இல் அச்சான பதிப்பு. சி.பி. பிரவுனோடு பணியாற்றிய பைடிபாட்டி வெங்கடநரசு உருவாக்கியது. அதில் காவியத்தின் முகப்புப் பாடல்கள் இல்லை. பிறகு ஓலைச்சுவடி கிடைத்து ஒப்பிட்டபோதுதான் விடுபட்டவை எவை என்று அவருக்குத் தெரிந்தது. காவிய மரபில் முகப்பு என்பது கவி தன் வம்சத்தைச் சொல்லும் இடம். தந்தை, பாட்டன், முப்பாட்டன், கோத்திரம், குரு என்று அது நீளும். முத்துப்பழனியும் அதே இடத்தில் தன் வம்சத்தைச் சொல்கிறாள். ஆனால் அவள் சொல்வது பெண் வழி. கவிதையிலும் கலையிலும் பேர் பெற்ற பாட்டி தஞ்சநாயகியைச் சொல்கிறாள். அதோடு நிற்காமல், என்னைப்போல் அறிஞர்களுக்குப் பொன்னும் பொருளும் கொடுத்துப் போற்றிய பெண் உண்டா, என்னைப்போல் காவியங்கள் சமர்ப்பணமாகப் பெற்றவள் உண்டா என்ற பொருளில் தன்னைப் பற்றியும் பெருமையாகப் பேசுகிறாள். வெட்டப்பட்டது இந்தப் பகுதிதான். சிருங்காரப் பாடல்களில் சிலவும் போயின; அதற்காவது ஒரு காரணம் ஊகிக்கலாம். வம்சம் சொல்வதில் என்ன ஆபாசம் இருக்கிறது?

ஒரு நூல் எந்த நூல்களிலிருந்து பிறந்தது என்பதைப் பேச இலக்கியத் திறனாய்வில் ‘ஊடிழைப் பிரதி’ என்ற சொல் புழங்குகிறது. எந்தப் பிரதியும் தனியாக இல்லை, முன்பே சொல்லப்பட்டவற்றின் இழைகள் ஊடும் பாவுமாய் ஓடித்தான் அது நெய்யப்படுகிறது என்ற கருத்து. இதற்கான பிரெஞ்சுச் சொல்லை 1960களின் பிற்பாதியில் உருவாக்கியவர் ஜூலியா கிறிஸ்தேவா. ரஷ்யரான பக்தினை வாசித்து, பல்கேரியாவிலிருந்து பாரிஸுக்கு வந்து, தன் தாய்மொழியல்லாத பிரெஞ்சில் எழுதிய பெண். இந்தத் தகவலைச் சொன்னதும் மாணவிகளின் முகத்தில் ஒரு தெளிவு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே குரலில் பேச முடியாத இடத்தில் இருந்த ஒருத்திதான் எந்தப் பிரதியும் ஒரே குரலில் பேசுவதில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

முத்துப்பழனியின் தஞ்சாவூரை நினைத்துப் பாருங்கள். அரசர் பேசுவது மராத்தி. அவையின் கவிதை மொழி தெலுங்கு. சாஸ்திரத்துக்குச் சமஸ்கிருதம். தெருவில், கோயிலில், வயலில் தமிழ். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் நாயக்கர் அவையிலேயே ராமபத்ராம்பா சமஸ்கிருதத்தில் ‘ரகுநாதாப்யுதயம்’ எழுதியிருந்தாள். ரங்காஜம்மா தெலுங்கில் ‘மன்னாருதாச விலாசம்’ எழுதியிருந்தாள். ஆக, எழுதும் பெண்ணுக்கு அந்த ஊரில் முன்னோடிகள் இருந்தார்கள்.

காவியத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராதை, தான் வளர்த்த பெண்ணான இளாவைக் கண்ணனுக்கு மணம் முடித்துக் கொடுக்கிறாள். முதலிரவுக்கு முன் பெண்ணுக்கும் புத்தி சொல்கிறாள், மாப்பிள்ளைக்கும் சொல்கிறாள். பிறகு தனியே இருந்து எரிகிறாள். கண்ணன் அவளை மறந்துபோகிறான். அவள் கோபம் வளர்கிறது. கடைசியில் அவன் வந்து அவளைத் தேற்றுகிறான். தலைப்பின் பொருளே அதுதான், ராதையைத் தேற்றுதல். 584 பாடல்கள்.

இதில் எத்தனை பழைய குரல்கள் கேட்கின்றன! ஜயதேவரின் கீதகோவிந்தத்தில் கண்ணன் ராதையின் பாதத்தைத் தன் தலையில் வைக்கச் சொல்கிறான். அந்த வரியை எழுதத் தயங்கி ஜயதேவர் குளிக்கப் போனார், கண்ணனே வந்து எழுதிவிட்டுப் போனான் என்று கதை. கிருஷ்ணதேவராயர் அவையில் நந்தி திம்மனாவின் ‘பாரிஜாதாபஹரணமு’வில் சத்தியபாமை கண்ணனை உதைத்தே விடுகிறாள். முத்துப்பழனியின் வாசகர்களுக்கு இவை மனப்பாடம். ஜயதேவரின் அஷ்டபதியை அவளே தெலுங்கில் ஆக்கியவள். ஆண்டாளின் திருப்பாவையையும் பெயர்த்தாள் என்று தெலுங்கு இலக்கிய வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. தமிழ் வாசகியான எனக்கோ, இளா என்றதும் நப்பின்னை நினைவு வருகிறது. கண்ணன் அருகில் உறங்குபவளை எழுப்பி, அவனை எங்களுக்குக் கொஞ்சம் விடு என்று கேட்கும் ஆயர்சிறுமியர் நினைவு வருகிறார்கள். இது என் வாசிப்பு, அவள் நினைத்தாளா என்பது வேறு.

ஆனால் இந்தக் குரல்களை எடுத்துக்கொண்டு அவள் செய்தது எளிய காரியம் அல்ல. ஜயதேவரின் ராதைக்கு வயது ஏறுவதில்லை. முத்துப்பழனியின் ராதை தனக்கு அடுத்த தலைமுறைப் பெண்ணைத் தன் கையால் அலங்கரித்து அனுப்புகிறாள். கணிகையர் வீட்டில் ஒரு மூத்த பெண் செய்ய வேண்டிய வேலை அது. இளையவளுக்குக் கற்றுக்கொடுப்பது, பிறகு ஒதுங்கிக்கொள்வது. ஒதுங்க மறுக்கும் ஆசையைப் புராணத்துக்குள் வைத்தாள் அவள். பக்திக் கதையின் துணியில் தன் வீட்டு நூலைச் சேர்த்து நெய்தாள் என்று சொன்னால் தவறில்லை. இளா மீதும் அவளுக்குப் பகை இல்லை, அதுதான் எனக்கு வியப்பு. சக்களத்திக் கதை எழுதுவது எளிது.

கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு தன் ‘ஆந்திர கவுல சரித்திரமு’ நூலில் முத்துப்பழனியை அவள் பிறப்பைச் சொல்லி இகழ்ந்தார். பெண் வாயிலிருந்து வரக்கூடாதவை, பெண்கள் காதால்கூடக் கேட்கத் தகாதவை என்ற பொருளில் எழுதினார். வீரேசலிங்கம் யார்? விதவை மறுமணத்துக்காக ஊரை எதிர்த்து நின்றவர், பெண் கல்விக்கு உழைத்தவர். பழமைவாதி ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் நமக்குச் சிக்கலே இல்லை. சீர்திருத்தவாதி சொல்கிறார். நல்ல பெண்ணை உருவாக்கும் ஆவலில் கெட்ட பெண் ஒருத்தியும் கூடவே உருவாக்கப்படுகிறாள்.

நாகரத்தினம்மாள் பதில் எழுதினார். நாணம் என்பது பெண்களுக்கு மட்டும்தானா என்று கேட்டார். இதைவிடப் பச்சையான சிருங்காரம் உள்ள, ஆண் எழுதிய காவியத்துக்கு அதே பந்துலுவின் ஆதரவு கிடைத்ததைச் சுட்டினார். தன் முன்னுரையிலோ, இதைத் திரும்பத் திரும்ப வாசித்தும் தீரவில்லை, எழுதியது ஒரு பெண், அதிலும் எங்கள் குலத்தில் பிறந்தவள், ஆகவே பதிப்பிக்கிறேன் என்று காரணம் சொன்னார். வெட்டப்பட்ட முகப்பை மீண்டும் சேர்த்தார். தஞ்சநாயகியின் பெயர் அச்சேறியது அவரால்தான். அந்த வரிசையில் தன் பெயரையும் அவர் வைத்துக்கொண்டார் என்றே நான் வாசிக்கிறேன்.

நாகரத்தினம்மாளின் வாழ்க்கையைப் படிக்கும் யாருக்கும் ஒரு கட்டத்தில் தடுமாற்றம் வரும். 1878இல் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தாய் புட்டலட்சுமி. கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம், ஆங்கிலம் படித்தார். மைசூரிலும் பெங்களூரிலும் புகழ்பெற்று, பின் சென்னைக்கு வந்தார். 1910இல் சிருங்காரக் காவியத்துக்காகப் போரிட்ட அதே பெண், 1920களில் ராமபக்தரான தியாகராஜரின் சமாதியைத் தேடித் திருவையாறு போகிறார். பெண்ணாசையை மனம் உதற வேண்டிய சேறாகப் பாடியவர் தியாகராஜர். சமாதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து கடிதம் வந்ததும், தன் நகையும் பணமும் போட்டு அங்கே கோயில் எழுப்பினார். 1925 ஜனவரியில் குடமுழுக்கு. தியாகராஜருக்கு 108 நாமாவளி இயற்றினார்.

சிலர் இதை மனமாற்றம் என்று எழுதுகிறார்கள். இளமையில் சிருங்காரம், முதுமையில் பக்தி. எனக்கு அது ஒப்பவில்லை. அங்கே ஆராதனை நடத்திக்கொண்டிருந்த பெரிய கட்சி, சின்னக் கட்சி இரண்டுமே பெண்களைப் பாட விடவில்லை. தன் செலவில் கட்டிய கோயிலின் முன் தனக்குப் பாட உரிமையில்லை! 1927இல் அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். பெண்கள் கட்சி என்று அதற்குப் பெயர். 1940 வாக்கில் கட்சிகள் ஒன்றான பிறகுதான் பெண்கள் பொது மேடையில் பாடினார்கள். தன் உயிலிலும், தேவதாசிகள் உட்படப் பெண்கள் அங்கே பாடும் உரிமை காக்கப்பட வேண்டும் என்று அவர் நிபந்தனை எழுதினார். ‘தேவதாசிகள் உட்பட’ என்ற அந்தச் சேர்க்கையைக் கவனியுங்கள். வெட்டப்பட்ட முகப்பைச் சேர்த்த கைதான் இதையும் எழுதியிருக்கிறது.

அதே 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அவர் தாய் சந்திரம்மாளும் அந்த மரபில் பிறந்தவரே. தஞ்சைப் பக்கத்தில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், தாசிக் குலத்துக்கு விற்கப்பட்டு வளர்ந்தவர், மேடை மேடையாக அந்த முறைக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தார். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலை எழுதினார். அவர் பெயர் இன்று பலருக்கு அரசின் திருமண உதவித் திட்டமாகத் தெரியும். உங்களில் யாருக்காவது கல்லூரிக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறதென்றால் அதுவும் அந்தத் திட்டம் உருமாறி வந்ததே. நாகரத்தினம்மாள் எதிரணியில் நின்றார். சென்னை தேவதாசிகள் சங்கம் அரசுக்குக் கொடுத்த மனுவில், நாங்கள் விலைமகளிர் அல்லர், சாஸ்திரங்களைப் பாருங்கள், எங்களுக்குச் சட்டம் வேண்டாம், கல்வி கொடுங்கள் என்ற வாதம் இருந்தது.

இங்கே என் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாங்கள் கும்பகோணம் பக்கம். இசை வேளாளர் என்று சான்றிதழில் இருக்கிறது. அந்தப் பெயரே எழுத்தால் உண்டாக்கப்பட்டது. பெரிய மேளம், சின்ன மேளம் என்று அழைக்கப்பட்டவர்கள் மாநாடு கூட்டி, தீர்மானம் போட்டு எடுத்துக்கொண்ட பெயர். அப்பா திராவிடர் கழகத்துக்காரர். கூடத்தில் பெரியார் படம். அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் பெரிய புத்தகம் ராமாமிர்தம் அம்மையாரின் நாவல். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அதில் வரும் தந்திரக்காரத் தாசிகளின் பேச்சில் என் பாட்டியின் சொற்கள் இருந்தன. வாழ்த்தும் விதம், சபிக்கும் விதம், கணக்குப் பார்க்கும் விதம்.

பாட்டியிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் தெலுங்குப் பதங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அவளுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரியில் எந்தக் கையைக் காட்ட வேண்டும், எந்த இடத்தில் கண்ணைத் தாழ்த்த வேண்டும் என்று தெரியும். அடுப்படியில் மட்டும் பாடுவாள். அப்பா உள்ளே வந்தால் நிறுத்திவிடுவாள். அப்பா கொடுமைக்காரர் இல்லை. தன் அம்மாவையும் தன் மகளையும் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற பயம். அந்தப் பயத்தின் பலனைத்தான் நான் அனுபவிக்கிறேன். படித்தேன், வேலைக்குப் போகிறேன், யார் வீட்டுக்கும் யாரும் என்னை எழுதிக் கொடுக்கவில்லை. ராமாமிர்தம் அம்மையார் இல்லாவிட்டால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க முடியாது. நாகரத்தினம்மாள் இல்லாவிட்டால் இதில் எழுதுவதற்கு எதுவும் இருந்திருக்காது.

எந்தப் பக்கம் நீங்கள் என்று மாணவிகள் கேட்பார்கள். சட்டத்தைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே கிடையாது. சிறுமிக்குப் பொட்டுக் கட்டுவதை நிறுத்தியே ஆக வேண்டும். 1947இல் சட்டம் வந்தது, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். நாகரத்தினம்மாள் தன்னைப்போன்ற, வீடும் வித்தையும் பெயரும் உள்ள சிலரை மனதில் வைத்துப் பேசினார். சின்ன ஊர்களில் மானிய நிலத்துக்காகவும் வறுமையாலும் விடப்பட்ட பெண் குழந்தைகள் அவர் மனுவில் இல்லை. ராமாமிர்தம் அம்மையாருக்கு அவர்களைத்தான் தெரியும், ஏனென்றால் அவரே அப்படி விடப்பட்டவர். ஆனால் கல்வி கொடுங்கள் என்ற பாதி வாக்கியத்தை யாரும் காதில் வாங்கவில்லையே! சதிர் 1930களில் பரதநாட்டியம் என்று பெயர் மாறி மேடை ஏறியது. பதங்களும் வர்ணங்களும் சலவை செய்யப்பட்டுப் பெரிய வீட்டுப் பெண்களின் உதட்டுக்குப் போயின. பாட்டு போய்ச் சேர்ந்த இடங்களுக்கு, அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களில் மிகச் சிலரே போக முடிந்தது. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி அந்தச் சிலரில் ஒருவர். சிருங்காரத்தைச் சலவை செய்ய அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

மணிமேகலையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கணிகையர் குலத்திலிருந்து வெளியேறிய பெண் அவள். சிலப்பதிகாரத்தின் வயிற்றிலிருந்து வந்த காப்பியம் அது; முன் நூலை அறியாதவருக்கு அவள் துயரம் புரியாது. அவளுக்குப் பெயர்கூடத் தந்தை வழியில் வந்தது. கோவலனின் முன்னோரைக் கடலில் காத்த தெய்வத்தின் பெயர். பாட்டி சித்திராபதிக்கு அக்காப்பியம் கொடுக்கும் வேடம் ஒன்றே ஒன்று, பேத்தியைத் தொழிலுக்கு இழுப்பவள். துறவின் கதையைச் சொல்ல அப்படி ஒரு பாட்டி தேவைப்படுகிறாள். ராமாமிர்தம் அம்மையாரின் நாவலுக்கும் தேவைப்பட்டாள். தஞ்சநாயகியும் யாரோ ஒரு பேத்திக்குச் சித்திராபதியாக இருந்திருக்கலாம். முத்துப்பழனி அவளிடமிருந்து கவிதையை எடுத்துக்கொண்டாள், அதையே எழுதியும் வைத்தாள். இரண்டு பாட்டிகளும் ஒரே உடம்பில் இருந்திருக்க முடியும் என்று என் பாட்டியைப் பார்த்த எனக்குத் தெரியும்.

‘ராதிகா சாந்த்வனமு’ மீதான தடையை, 1946இல் பிரதமரான த. பிரகாசத்தின் அரசு நீக்கியது. 1952இல் வாவிள்ள பதிப்பகம் அதை மறுபடி வெளியிட்டது. நாகரத்தினம்மாள் அந்த ஆண்டு மே மாதம் திருவையாற்றில் காலமானார். தியாகராஜர் கோயிலுக்குப் பக்கத்திலேயே அவர் சமாதியும் இருக்கிறது. பாட்டியின் நோட்டை நான் எழுத்தெழுத்தாகத் தெலுங்கு தெரிந்த தோழி ஒருத்தியிடம் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். பாட்டி தமிழ் எழுத்தில் எழுதியதால் க, ச, ட, த, ப எதற்கும் வேறுபாடு இல்லை; ஒரே சொல் மூன்று விதமாக ஒலிக்கும். இதுவரை பதினோரு பதங்களின் சொற்கள் பிடிபட்டிருக்கின்றன. பன்னிரண்டாவதில் இரண்டாம் சரணம் நிற்கிறது.